லூட் பங்கும் கிராஃப்டர் கணக்கும்: குழுவாக விளையாடுவோருக்கான முழு வழிகாட்டி

ஆன்லைன் விளையாட்டில் பெட்டியிலிருந்து விழும் சாமான்தான் லூட். அதில் ஒரு பெரிய வாளுக்காக உடைந்த குழுக்கள் குறைவு. அது யாருக்குப் பொருந்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனஸ்தாபம் தொடங்குவது தோல், மரம், இரும்புக்கட்டி, ரூன் (ஆயுதம், கவசத்தின் பலத்தைக் கூட்டும் பொருள்) போன்ற சில்லறைச் சாமான்களில். அவற்றை ஒருவர் கையில் கொடுத்து "செஞ்சு குடுங்க" என்று சொன்ன பிறகு, உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்பது அந்த ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கணக்காகிவிடுகிறது. கிராஃப்டர் (பொருளை வாங்கிச் சாமான் செய்து கொடுப்பவர்) நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் வரும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த மூடிய கணக்கைத் திறந்து வைப்பதைப் பற்றியது.

எண்களுக்கு ஆல்பியன் ஆன்லைன் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்கிறோம். 2021 ஜூனில் இருந்து போனிலும் ஓடுகிறது. 2023 மார்ச்சில் ஆசியாவுக்கென்று சிங்கப்பூர் சேர்வர் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சேர முடிவதால் மலையகத்துக் குழுக்களுக்குத் தோதான விளையாட்டு. ஹட்டனில் இரண்டு பேர், பண்டாரவளையில் ஒரு மச்சான், கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், தலவாக்கலையில் ஏஎல் படிக்கும் தங்கச்சி என்று ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிதான் கிராஃப்டர்.

1. கிளம்புவதற்கு முன் எழுதிவிடுங்கள்

பேசி முடிவெடுத்தால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். குழு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு மெசேஜ் போதும்:

"இன்னைக்கு 8.30க்கு டன்ஜன், அஞ்சு பேரு. ரிப்பேர் காசு கழிச்சு மிச்சம் சமபங்கு. தோலும் ரூனும் தங்கச்சி எடுப்பா, மார்க்கெட் விலையில வரி கழிச்சு போடுவோம். கரண்ட் போனா அதுவரைக்கும் வந்ததுல முழுப் பங்கு. செத்தா டாங்குக்கும் ஹீலருக்கும் மட்டும் பொதுப்பெட்டியில இருந்து சாமான். சரின்னா சரின்னு போடுங்க."

டன்ஜன் என்பது மிருகங்களை அடித்துப் பெட்டி திறக்கும் இடம், டாங்க் முன்னால் நின்று அடி வாங்குபவர், ஹீலர் மற்றவர்களுக்கு உயிர் ஏற்றுபவர். ஐந்து "சரி" வந்த பிறகு கிளம்புங்கள். வராத ஒருவருக்காக இரண்டு நிமிடம் காத்திருப்பது, பிறகு இரண்டு வாரம் முகம் திருப்பிக்கொண்டு இருப்பதைவிட நல்லது. புதிதாக ஒருவரைக் கூட்டி வருபவர் அவருக்கும் இந்த மெசேஜை அனுப்ப வேண்டும். "அவருக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்பது அழைத்தவரின் பிழைதான், வந்தவரின் பிழை இல்லை.

2. நீட், கிரீட், பாஸ் உள்ள விளையாட்டுகளில்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபாண்டசி 14 போன்றவற்றில் சாமான் விழுந்ததும் திரையில் பட்டன் வரும்: நீட் (எனக்குத் தேவை), கிரீட் (கிடைத்தால் நல்லது), பாஸ் (வேண்டாம்). கிராஃப்டர்கள் அதிகம் ஏச்சு வாங்குவது இந்த இடத்தில்.

நீட் என்பது அணியப்போகும் உடுப்புக்கும் ஆயுதத்துக்கும் மட்டும், அதுவும் இப்போது விளையாடும் பாத்திரத்துக்கு. "உடைச்சுப் பொருள் எடுக்கலாம்" என்று கிராஃப்டர் நீட் அழுத்தினால் அது பச்சைக் களவு என்றே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கைத்தொழில் பொருட்களுக்கு எல்லோரும் கிரீட். ரெசிப்பி (ஒரு சாமானைச் செய்யும் முறை) விழுந்தால், அந்தத் தொழிலைக் கையில் வைத்திருந்து, அந்த ரெசிப்பி இன்னும் தெரியாமல், அங்கேயே நின்று கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர் நீட் அழுத்தலாம். விற்பதற்கு என்றால் கிரீட்தான்.

வார்கிராஃப்டில் 2009 டிசம்பரில் வந்த 3.3 பேட்ச் (அப்டேட்), தேவையான திறமையுள்ள என்சாண்டர் (மந்திரச் சாமானை உடைத்துப் பொருள் எடுக்கத் தெரிந்தவர்) குழுவில் இருந்தால் டிஸ்என்சாண்ட் (உடைக்கும்) பட்டனையும் காட்டத் தொடங்கியது. யாருக்கும் வேண்டாத சாமான் அப்படியே உடைந்து, ரோலில் (தற்செயலாக விழும் எண்ணில்) வென்றவர் கைக்குப் பொருளாக வரும். பட்டன் இல்லாத இடத்தில் என்சாண்டர் எல்லாவற்றையும் தானே எடுத்து உடைப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். முடிவில் வந்த துண்டுகளுக்கு அவரையும் சேர்த்து எல்லோரும் ரோல் போட வேண்டும். உடைத்த கூலி என்று தனியாக எடுப்பது அழகில்லை, அது ஒரு கிளிக் வேலை.

தோலுரிப்பவருக்கு மற்றவர்கள் செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வார்கிராஃப்டில் லூட் எடுத்து முடிக்காத உடலில் தோலுரிக்க முடியாது. இரண்டு செப்புக்காசுதானே என்று விட்டுவிட்டு ஓடினால் பின்னால் வருபவரின் தோல் போய்விடும். இரும்புப் பாறை எதிர்ப்பட்டால், தோண்டுபவர் இரண்டு பேர் இருந்தால் மாறி மாறி. மற்றவர்கள் மிருகத்தோடு மல்லுக்கட்டும்போது ஒருவர் பாறையைத் தோண்டிக்கொண்டு நிற்பதை எந்தக் குழுவும் மறப்பதில்லை.

3. பெட்டி திறக்கும் நேரம்

ஆல்பியனில் பை நிரப்புவது கை வேகத்தில் இருக்கிறது. போனில் விளையாடுபவருக்கு மவுஸ்காரரோடு போட்டி போட முடியாது. ஆகவே "எடுத்தவனுக்கே" என்ற முறை போன்காரர்களுக்கு எப்போதும் நட்டம். ஒருவரை லூட் பிடிப்பவராக வைத்து, அவரே எல்லாவற்றையும் எடுக்கட்டும். அவர் சாகக்கூடாதவர், பெரும்பாலும் தூரத்தில் நிற்கும் வில்காரர். டாங்கை வைக்காதீர்கள். சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் (மற்ற ஆட்கள் தாக்கிப் பறிக்கக்கூடிய இடங்களில்) விழுந்தால் கையில் இருப்பது முழுவதும் போகும், அதில் ஒரு பங்கு எதிரிக்கும் கிடைக்காமல் அழிந்தே போகும்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதே நாட்களில் பண்டாரவளையில் காற்று மட்டும்தான். கார்த்திகை மார்கழியில் பதுளைப் பக்கம் மழை. லூட் பிடிப்பவரை மழை இல்லாத சரிவில் இருந்து எடுங்கள். லைன் அறுந்தவுடன் பாத்திரம் காணாமல் போவதில்லை, நின்ற இடத்தில் சும்மா நிற்கும். பை நிறைந்த ஆள் அப்படி நின்றால் ஐந்து பேரின் உழைப்பும் அங்கே நிற்கிறது என்று அர்த்தம்.

நகரத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொட்டி, ஒரு ஸ்கிரீன்ஷாட். எடுத்தவர் பையைக் காலி செய்து காட்டுவது அவர்மேல் சந்தேகப்பட்டு அல்ல, அவருக்கே அது பாதுகாப்பு.

4. விலை போடுதல்

சாமானைத் தொட்டால் வரும் மதிப்பு விலையை அப்படியே நம்பாதீர்கள். கொஞ்சமாக விற்கும் பொருளுக்கு அது பழைய விலையாக இருக்கும், சிலவேளை இரட்டிப்பாகவும் காட்டும். நீங்கள் நிற்கும் நகரத்தின் மார்க்கெட்டில் இப்போது உள்ள ஆகக் குறைந்த விற்பனை விலையைப் பாருங்கள். அதில் ஒருவர் மட்டும் ஒரு துண்டை அநியாய விலைக்கு வைத்திருந்தால் அதை விட்டு அடுத்ததை எடுங்கள்.

இப்போது வரி. பிரீமியம் (சந்தா) உள்ளவர் விற்றால் 4 சதவீதம், இல்லாதவருக்கு 8. விற்பனைக்கு வைக்கும் கட்டணம் 2.5 சதவீதம். 10,000 சில்வர் (விளையாட்டின் காசு) பெறும் சாமானை பிரீமியக்காரர் விற்றால் 400 வரியும் 250 கட்டணமும் போக 9,350 கையில் வரும். பிரீமியம் இல்லாதவர் விற்றால் 8,950தான். எனவே விற்கும் வேலையை பிரீமியம் உள்ளவரிடமே கொடுங்கள்.

கிராஃப்டர் அதே சாமானை வெளியே வாங்கினால் 10,000 கொடுக்க வேண்டும். குழு வெளியே விற்றால் 9,350தான் கிடைக்கும். 9,350க்குக் கிராஃப்டருக்குக் கொடுத்தால் குழுவுக்கு ஒரு சதமும் குறையாது, அவருக்கு 650 மிச்சம். "தங்கச்சிக்கு மட்டும் ஏன் குறைச்சு?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 9,350க்குக் கீழே கேட்டால்தான் அது சலுகை. அதற்குக் குழுவின் சம்மதம் வேண்டும்.

5. பங்கு பிரித்தல்

உதாரணமாக மொத்தம் 12,00,000 சில்வர். ஐவரின் ரிப்பேர் 1,20,000 கழித்தால் 10,80,000. எல்லோரும் ஆரம்பத்தில் இருந்து நின்றிருந்தால் ஆளுக்கு 2,16,000.

ஒருவர் பாதியில் வந்தார் என்று வைப்போம். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவது போல இங்கும் போடலாம்: நான்கு முழுப்பேர், ஒரு அரைப்பேர், மொத்தம் 4.5. முழுப்பேருக்கு 2,40,000, அரைப்பேருக்கு 1,20,000. கால், முக்கால் என்று நுணுக்கிப் பிரிக்கப் போனால் கணக்குப் பார்க்கும் நேரம் டன்ஜன் நேரத்தைவிட நீளும். கரண்ட் போனவருக்கு அரைப்பேர் போடுவது நியாயமில்லை. சொல்லாமல் எழும்பிப் போனவருக்குப் போடலாம்.

தங்கச்சி எடுத்த தோலும் ரூனும் 3,00,000 பெறுமதி என்றால், அவருடைய பங்கான 2,40,000 போக 60,000 சில்வரை அவர் பொதுப்பெட்டிக்குப் போட வேண்டும். கையில் சில்வர் இல்லையென்றால் 2,40,000க்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மார்க்கெட்டுக்கு விடட்டும். கடன் வைப்பதாக இருந்தால் அடுத்த டன்ஜனுக்கு முன் தீர்த்துவிட வேண்டும். இரண்டு கடன் சேர்ந்தால் யாருக்கும் சரியான எண் ஞாபகம் இருக்காது.

ரூனைக் கிராஃப்டர் விலைக்கு எடுக்காமல் எல்லோருக்கும் பிரிப்பதாக இருந்தால் ஒரு சிக்கல். ஒவ்வொருவருக்கும் பத்து இருபது என்றுதான் விழும், ஆனால் ஒரு மார்புக் கவசத்தை ஒரு படி என்சாண்ட் செய்ய (பலம் கூட்ட) அதே டியரில் (சாமானின் நிலையில்) 192 வேண்டும். தலைக்கவசத்துக்கும் சப்பாத்துக்கும் 96. ஐந்தாகப் பிரித்தால் யாருக்கும் உதவாது. ரூனைப் பிரிக்காமல் சேர்த்து, வரிசைப்படி ஒருவருக்கு ஒருமுறை என்று செய்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். வரிசையில் முதலில் ஹீலர், பிறகு டாங்க். வரிசையைக் குழுவின் விவரத்திலேயே எழுதி வைத்தால் யாரும் கேட்க வேண்டியதில்லை.

6. ரிட்டர்ன் யாருக்கு?

சண்டைகளில் முக்கால்வாசி இங்கேதான். நிதானமாக வாசியுங்கள்.

டியர் 5 பலகை ஒன்றுக்கு டியர் 5 மரம் 3, டியர் 4 பலகை 1. குழு 300 மரமும் 100 டியர் 4 பலகையும் கொடுத்தால் 100 டியர் 5 பலகை வரும் என்றுதான் ரெசிப்பி பார்த்தவர் நினைப்பார். ஆனால் ஒவ்வொரு முறை செய்யும்போதும் போட்டதில் ஒரு பகுதி திரும்பி வரும். அதுதான் ரிட்டர்ன் ரேட், செய்யும் திரையிலேயே காட்டும். அது நகரத்தைப் பொறுத்தது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நகரத்தில் கூடுதலாகத் திரும்பும். மரத்துக்கு ஃபோர்ட் ஸ்டெர்லிங், இரும்புக்கு தெட்ஃபோர்ட், தோலுக்கு மார்ட்லொக், நாருக்கு லிம்ஹர்ஸ்ட், கல்லுக்கு பிரிட்ஜ்வாட்ச்.

ஃபோகஸ் என்பது கிராஃப்டர் செலவழித்தால் ரிட்டர்னைக் கூட்டும் புள்ளி. திரும்பியதை மறுபடி போட்டு, அதில் திரும்பியதையும் போட்டுக் கடைசிவரை செய்தால் 300 மரம், 100 பலகையில் இருந்து வருவது இப்படி இருக்கும்:

வேறு நகரத்தில், ஃபோகஸ் இல்லாமல் (15.2%): சுமார் 118 பலகை.
ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில், ஃபோகஸ் இல்லாமல் (36.7%): சுமார் 158.
ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில், ஃபோகஸோடு (53.9%): சுமார் 217.

100 பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 117ஐ வைத்துக்கொள்ளும் கிராஃப்டரைக் கொடுத்தவர் கண்டுபிடிக்கவே முடியாது. மறுபக்கம், யாரோ யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்து 217ஐயும் கேட்பார்கள். இரண்டுமே சரியில்லை.

158 வரை வருவது நகரம் தரும் சலுகை. யார் செய்தாலும் அது வரும், ஆகவே அது மரம் கொடுத்தவர்களுடையது. மேலே உள்ள 59 கிராஃப்டரின் ஃபோகஸில் இருந்து வருவது. ஃபோகஸ் பிரீமியம் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 10,000 ஊறும், 30,000க்கு மேல் சேராது; இங்கே செலவழித்தால் அவருடைய சொந்த வேலைக்கு இருக்காது. அந்த 59ஐ எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் முன்கூட்டிப் பேச வேண்டும். பாதிப் பாதி போட்டால், சுமார் 30 கிராஃப்டருக்கு, 187 குழுவுக்கு. கிராஃப்டரின் பிரீமியத்தைக் குழுவே சில்வரில் தங்கம் வாங்கிக் கட்டுகிறது என்றால் ஃபோகஸும் குழுவுடையதே; அப்போது அவருக்கு ஒரு சிறு பங்கு போதும். எதுவும் பேசாமல் கொடுத்திருந்தால், 158ஐக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் உரிமை கிராஃப்டருக்கு உண்டு.

கடைக் கட்டணம் (செய்யும் இடத்துக்குக் கட்டுவது) குழுவின் செலவு. அதைக் கிராஃப்டர் தலையில் கட்டிவிட்டு "நீதானே ஃபேம் (அனுபவப் புள்ளி) எடுத்த" என்று சொல்வது அற்பத்தனம். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு நியாயமும் உண்டு: கற்றுக்கொண்டிருக்கும் கிராஃப்டருக்குக் குழு தரும் பொருள்தான் ஃபேமும் திறமையும். ஆகவே ஆரம்பநிலையில் செய்கூலி கேட்காதீர்கள். டியர் உயர்ந்து வெளியாட்களும் தேடி வரும்போது கேட்கலாம்.

சரியாக 158தான் வர வேண்டும் என்று யாரும் நிற்கக்கூடாது. சிறிய அளவில் செய்தால் ரிட்டர்ன் அங்கும் இங்கும் ஆடும், கடைசியில் ஒன்றிரண்டு மரம் மிஞ்சிப் பலகை ஆகாமல் நிற்கும். பத்துப் பலகைக்கு நால்வரின் கணக்கைத் தனித்தனியாகப் போட்டால் ஒருவருக்கு அதிர்ஷ்டம், ஒருவருக்கு நட்டம். எல்லோருடைய மரத்தையும் ஒன்றாகச் செய்து, கொடுத்த விகிதத்தில் பிரியுங்கள். கிராஃப்டர் உள்ளே போனதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், வெளியே வந்ததற்கு ஒன்று போட்டுவிட்டால் போதும்.

7. ஆயுதமும் கவசமும் செய்யச் சொல்லும்போது

கேட்பவர் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன சாமான், எந்த டியர், பொருள் யாருடையது, எப்போதைக்கு வேண்டும். "அண்ணே, ஒரு வாள் வேணும்" என்பது ஆர்டர் இல்லை. "அண்ணே, டியர் 5 பிராட்சோர்ட் ஒண்ணு. 16 கட்டி, 8 தோல் பெட்டியில போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சா போதும்" என்பது ஆர்டர்.

வாள் செய்ய லிம்ஹர்ஸ்ட் போனால் ஃபோகஸ் இல்லாமலேயே 24.8 சதவீதம் திரும்பும்: சுமார் 4 கட்டி, 2 தோல். அது கொடுத்தவருக்கு. ஒற்றை வாளில் அது ஆறு துண்டுதான், விட்டுக்கொடுக்கலாம். பத்து வாளில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆர்ட்டிஃபாக்ட் (சில ஆயுதங்களுக்குச் சேர்க்கும் அரிய) பொருள் ரிட்டர்னில் வராது, எனவே அதைத் தனியாக எண்ணிக் கொடுங்கள். காலி ஜர்னலை (செய்யச் செய்ய நிறையும் குறிப்பேட்டை) வாங்கிப் பையில் வைத்தவருக்கே நிறைந்த ஜர்னலும்.

தரம் தற்செயல். நார்மலா மாஸ்டர்பீஸா என்று கிராஃப்டர் வாக்குக் கொடுக்க முடியாது. பத்துச் செய்து ஒன்று உயர்ந்த தரத்தில் வந்தால் அது யாருக்கு என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். கிராஃப்டர் நல்லதைத் தானே எடுத்து, தன்னிடமிருந்த சாதாரணத்தை மாற்றிக் கொடுப்பது நடக்கிற விஷயம்தான். சாமானைத் தொட்டால் செய்தவர் பெயர் தெரியும், ஆகவே அதைப் பார்த்து வாங்குங்கள்.

சுமை எருதில் பொருளை இன்னொரு நகரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் பறிபோனால் நட்டம் எல்லோருக்கும். குழு சொன்ன பாதையை விட்டு, நேரம் மிச்சம் என்று சிவப்பு மண்டலத்தால் போயிருந்தால் அவருக்கு மட்டும். பெரிய சுமையை இரண்டு நடையாகப் பிரியுங்கள்.

8. சல்லி, அக்கவுண்ட்

விளையாட்டின் சில்வரை ரீலோடுக்கோ காசுக்கோ மாற்றாதீர்கள், சொந்தக்காரருக்குள்ளும் வேண்டாம். அது விதிமீறல், பிடிபட்டால் அக்கவுண்ட் போகும்; அதற்கு முன்பே உறவு போகும். ஒரு வீட்டில் ஒரே போன் என்றாலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனி அக்கவுண்ட் இருக்கட்டும். ஒரே அக்கவுண்டில் இருவர் விளையாடினால், பெட்டியில் இருந்து எடுத்தது யார் என்ற கேள்விக்கு எப்போதும் "நான் இல்ல" என்ற பதில்தான் வரும்.

9. ஒருவர் விலகும்போது

படிப்பு, வேலை, வெளிநாடு என்று ஆட்கள் போவார்கள். பொதுப்பெட்டியின் சாமான் மொத்தத்தையும் மாதம் ஒருமுறை விலை போட்டு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் விலகுபவருக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடலாம். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வருவதற்கு முந்திய வாரம் இதைச் செய்வது தோது. பழைய கணக்கை வீட்டு விசேஷத்தில் வைத்துப் பேச வேண்டி வராது.

விலகுபவர் கிராஃப்டர் என்றால் இன்னும் மூன்று காரியம் உண்டு. அவர் கையில் உள்ள முடியாத ஆர்டர்களின் பொருளைக் கொடுத்தவர்களிடமே திருப்ப வேண்டும். குழுச் செலவில் கட்டிய பிரீமியத்தில் மிச்ச நாட்கள் இருந்தால், அந்த நாட்களின் ஃபோகஸைக் குழுவுடைய மரத்துக்கும் தோலுக்கும் செலவழித்துவிட்டுப் போக வேண்டும். கடைசியாக, தீவுப் பெட்டிகளின் (விளையாட்டுக்குள் இருக்கும் தீவில் வைத்த பெட்டிகளின்) அனுமதியை மாற்ற வேண்டும். அதை அவர் இருக்கும்போதே, அவருக்குச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். போன பிறகு மாற்றினால், என்றாவது திரும்பி வந்து பெட்டியைத் தொடும்போது திறக்காது. ஏன் என்று அவர் கேட்கவும் மாட்டார்.